இவர் சனிக்கிழமைகளில் சாப்பிட்டது

1

சென்ற கார்த்திகையில் இவருடைய ஆண்டுத் திவசம் முடிந்தது. 'இவர்' என்று எழுதினால் ஊரில் இருக்கும் உங்களுக்கு விளங்கும், என் கணவரைச் சொல்கிறேன். கல்யாணம் முடித்த நாளிலிருந்து அவருடைய பெயரை நான் வாயால் சொன்னது ஒரே ஒரு முறை. மரணச் சான்றிதழ் எடுக்கப் போன கந்தோரில், கண்ணாடிக்குப் பின்னால் இருந்த பெண் இறந்தவரின் பெயரைக் கேட்டபோது சொன்னேன். அப்போதும் அவளுக்குத் திருப்தி இல்லை. முதற்பெயர் எது, குடும்பப்பெயர் எது என்று துளைத்து எடுத்தாள். கனடாக் கடதாசிகளில் தகப்பன் பெயரும் பிள்ளை பெயரும் இடம் மாறிப் போனதால், இந்த நாட்டில் எல்லோரும் இவரை என் மாமனாரின் பெயரால்தான் கூப்பிட்டார்கள். வேலையிடத்தில் மிஸ்டர் கந்தையா, வைத்தியசாலையில் மிஸ்டர் கந்தையா, சவச்சாலையிலும் மிஸ்டர் கந்தையா. மாமா ஊரில் போய்ச் சேர்ந்து பத்து வருடமாகிறது. பாவம், இங்கே இன்னொரு முறை செத்தார்.

நானும் மகன் கஜனும் டோர்செட் பார்க் என்ற பகுதியில் ஒரு கட்டடத்தின் பதினோராம் மாடியில் இருக்கிறோம். மருந்துப் போத்தல்களுக்கு மூடி போடும் தொழிற்சாலையில் எனக்குப் பகல் வேலை. கஜனுக்குப் பதினைந்து வயது. இந்தக் குறிப்பை நான் எழுதுவது திவசத்தைப் பற்றிச் சொல்ல அல்ல. திவசத்துக்கு முந்திய சனிக்கிழமை, வாழ்க்கையில் முதன்முறையாக ஒரு வெள்ளைக்காரச் சாப்பாட்டுக் கடையில் போய் இருந்து சாப்பிட்டேன். அதை யாரிடமாவது சொல்லவேண்டும் போல் இருக்கிறது. இங்கே இருப்பவர்களிடம் சொன்னால் மறுநாள் அஜக்ஸில் இருக்கும் இவருடைய சொந்தக்காரர் வரைக்கும் போய்விடும். அதனால் உங்களுக்கு எழுதுகிறேன்.

2

இவர் எனக்கு ஆறு வருடம் முந்தி வந்தவர். பார்க்டேலில் ஒரு பழைய வீட்டின் மேல்மாடி அறையில் ஐந்து ஆண்களோடு இருந்தார். என்னையும் பிள்ளையையும் கூப்பிடுவதற்கு அவர் நிரப்பிய படிவங்களை அடுக்கி வைத்தால் கஜன் உயரம் வரும். ஒரு படிவத்தில் என் பிறந்த திகதி பிழை என்று திரும்பி வந்தது. திருத்தி அனுப்பினால் கல்யாணப் பதிவின் மொழிபெயர்ப்பு பழசாகிவிட்டது என்றார்கள். மருத்துவப் பரிசோதனைக்கு நான் இரண்டு முறை கொழும்புக்குப் போனேன். முதல் பரிசோதனை, விசா வருவதற்குள் காலாவதியாகிவிட்டது.

அந்த ஆறு வருடமும் எங்களுக்குள் இருந்தது கடிதம்தான். இவருடைய கடிதத்தில் பாதி சாப்பாடாக இருக்கும். "இண்டைக்கும் பாணும் முட்டையும். உம்முடைய நண்டுக் குழம்பை நினைச்சுக்கொண்டு சாப்பிட்டன்" என்று எழுதுவார். சுறா வறை கேட்பார். ஒடியல் கூழ் கேட்பார். தபாலில் கூழ் அனுப்ப முடியுமென்றால் அனுப்பியிருப்பேன். வேறு பெண்களுக்குப் புருசன்மார் என்னென்னவோ எழுதுவார்களாம், எனக்கு வந்ததெல்லாம் கறிப் பட்டியல். ஆனாலும் அதில் எனக்குப் பெருமை இருந்தது, பொய் சொல்லக்கூடாது.

தொண்ணூற்றிரண்டில் வந்து இறங்கினேன். விமான நிலையத்தில் நின்ற மெலிந்த மனிதரைக் கஜனுக்குத் தெரியவில்லை. எனக்கே ஒரு நிமிடம் எடுத்தது. அன்றைக்கே மனதுக்குள் தீர்மானித்தேன், இந்த மனுசனை ஆளாக்கிக் காட்டுவேன் என்று. மறுவாரமே மிளகாய் வாங்கி வறுத்துத் தூள் இடித்தேன். புகைக்குக் கத்தும் அந்தக் கருவி கத்தோ கத்தென்று கத்தி, பதினோராம் மாடி முழுவதும் இருமிக்கொண்டு படியால் இறங்கியது. அடுத்த முறை கருவிக்குப் பிளாஸ்ரிக் பை கட்டிவிட்டு வறுத்தேன். கடிதத்தில் கேட்டது ஒன்றும் மிச்சமில்லாமல் சமைத்தேன். இவர் நெற்றி வியர்க்கச் சாப்பிடுவார். "எப்படி?" என்று கேட்டால், "திறம்" என்பார். சாப்பிட்டு முடிந்ததும் ஒரு கிளாஸ் பச்சைப் பால் குடிப்பார். இந்த நாட்டில் பழகிய பழக்கம் என்று நினைத்தேன்.

நான் வந்த முதல் வருடம், எங்கள் கல்யாண நாளில், "யோகம், இண்டைக்கு வெளியிலை போய்ச் சாப்பிடுவமே? பார்க்டேலிலை எனக்குத் தெரிஞ்ச கடை ஒண்டு இருக்கு" என்று கேட்டார்.

"கண்ட கண்ட சட்டியிலை கண்டதையும் காய்ச்சுவினம். நான் வரமாட்டன். வீட்டிலை நான் என்னத்துக்கு இருக்கிறன்?" என்றேன்.

அதற்குப் பிறகு அவர் கேட்கவே இல்லை.

ஆனால் சனிக்கிழமைகளில் கஜனைக் கூட்டிக்கொண்டு பார்க்டேலுக்குப் போவார். பழைய அறையில் இருக்கும் பொடியளைப் பார்க்கப் போவதாகச் சொல்லுவார். பிள்ளையின் தமிழ் வகுப்பு பாழாகிறது என்று நான் சண்டை பிடிப்பேன். "போகேக்கையும் வரேக்கையும் நான் தமிழிலைதானே கதைக்கிறன், அது காணும்" என்பார். பின்னேரம் திரும்பி வரும்போது இரண்டு பேருக்கும் பசி இருக்காது. நான் மூடி வைத்த சோறு மூடினபடி இருக்கும். பொடியளோடு சாப்பிட்டார்களாக்கும் என்று விட்டுவிட்டேன்.

3

ஒரு காலை, வேலையிடத்தில், மார்பைப் பிடித்துக்கொண்டு கீழே இருந்தவர் எழும்பவில்லை. அவ்வளவுதான். அதைப் பற்றி விரித்து எழுத எனக்குத் தெம்பில்லை.

எட்டாம் நாள் எட்டுச்செலவு. செத்தவருக்கு விருப்பமான மீன், இறைச்சி என்று மச்சமெல்லாம் சமைத்து இலையில் படைத்து, பிறகு ஒரு பங்கை முச்சந்தியில் கொண்டுபோய் வைப்பது எங்கள் வழமை. அஜக்ஸில் இருக்கும் இவருடைய தமக்கை பூமணி மச்சாள் வந்து நின்று நடத்தினார். சமையலை மட்டும் நான் யாருக்கும் விடவில்லை. ஒப்பாரி வைக்கத் தெரியாத எனக்குச் சமையல்தான் அழுகை. நண்டுக் குழம்பு, சுறா வறை, ஆட்டிறைச்சிப் பிரட்டல், கூழ் என்று விடியற்காலையிலிருந்து நின்று சமைத்தேன். கடைசித் தூளையும் தட்டிக் கொட்டினேன்.

இலையில் படைத்துவிட்டு, "தம்பி, அப்பாவுக்குத் தண்ணி வைச்சுக் கும்பிடு" என்று கஜனைக் கூப்பிட்டார் மச்சாள்.

கஜன் இலையைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். "அப்பா உதொண்டும் சாப்பிடமாட்டார்" என்றான்.

"என்னடா சொல்லுறாய்?"

"ஹீ ஹேற்றட் திஸ். உங்களுக்கு ஒண்டும் தெரியாது அம்மா."

வீடு நிறையச் சனம். எனக்கு என்ன வந்ததோ தெரியாது, கன்னத்தில் ஓங்கி அறைந்துவிட்டேன். தகப்பன் செத்து எட்டாம் நாள், கண்ணீர் காயாத பிள்ளை. அவன் அழவில்லை. அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினான். மச்சாளின் மகன்தான் தண்ணீர் வைத்துக் கும்பிட்டான்.

முச்சந்திக்கு எங்கே போவது? கார் நிறுத்துமிடத்தின் மூலையில், குப்பைத் தொட்டிக்குப் பக்கத்தில், அலுமினியத் தட்டில் வைத்துவிட்டு வந்தோம். மறுநாள் கட்டடத்தைப் பார்க்கும் போர்த்துக்கீசன் மேலே வந்து, குப்பை கிளற வரும் ரக்கூன்களுக்குச் சாப்பாடு வைப்பது சட்டப்படி குற்றம் என்று ஒரு கடிதம் தந்துவிட்டுப் போனான். நல்லகாலம், அவற்றுக்காவது உறைப்புப் பிடித்திருக்கிறது என்று இப்போது நினைக்கிறேன். அப்போது அந்தக் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு மணித்தியாலம் அழுதேன்.

4

அதற்குப் பிறகு ஒரு வருடம் நானும் கஜனும் ஒரே வீட்டில் இரண்டு வாடகைக்காரர் மாதிரி இருந்தோம். கேட்டால் பதில் சொல்லுவான், அதுவும் பாதி ஆங்கிலத்தில். "சாப்பிடன்ரா" என்றால் "ஸ்கூலிலை சாப்பிட்டிட்டன்" என்பான். கோப்பையில் போட்டுக் கொடுத்தால் கறியை ஒரு பக்கம் ஒதுக்கிவிட்டு வெறுஞ்சோற்றையும் தயிரையும் தின்பான். நான் அடித்த கோபம் இன்னும் ஆறவில்லை என்று நினைத்தேன். இந்த நாட்டுப் பிள்ளைகள் இப்படித்தான் கைவிட்டுப் போகும் என்று தொழிற்சாலையில் ஆளுக்கொரு கதை சொன்னார்கள். என் பிள்ளையும் போகிறான் என்று எண்ணி எண்ணி நித்திரை கெட்டேன்.

திவசம் நெருங்கியது. ஐயரோடு இருந்து செய்யவேண்டியவன் மகன். நான் சொன்னபோது அவன் புத்தகத்திலிருந்து தலை தூக்கவில்லை.

"நான் இருக்கமாட்டன்."

"நீ இல்லாமல் வேறை ஆரடா அப்பாவுக்குச் செய்யிறது?"

"அப்பாவுக்கு விருப்பமில்லாததைப் படைச்சுப்போட்டு நான் ஏன் கும்பிடவேணும்? இட்ஸ் எ லை, அம்மா."

கை பரபரத்தது. ஆனால் போன முறை அடித்ததில் நான் கண்டது என்ன? அவனுக்கு முன்னால் இருந்த கதிரையை இழுத்து இருந்தேன்.

"சரி. நீ சொல்லு. அப்பாவுக்கு என்ன விருப்பம்?"

அந்தக் கேள்வியை நான் கேட்பேன் என்று அவன் எதிர்பார்க்கவில்லை. புத்தகத்தை மூடி வைத்தான். பிறகு, "சனிக்கிழமை வாறியளே? காட்டுறன்" என்றான். ஒரு வருடத்தில் அவன் என்னைத் தன்னோடு கூப்பிட்டது அதுதான் முதல் முறை. வேலைக்கு லீவு சொல்லிவிட்டேன்.

5

பார்க்டேல் எங்கள் வீட்டிலிருந்து ஒன்றேகால் மணித்தியாலப் பயணம். வழியெல்லாம் மழையும் பனியும் கலந்து கொட்டியது. பழைய பொடியளின் வீட்டைத்தான் காட்டப்போகிறான் என்று நினைத்தேன். அவன் அதைக் கடந்து போய், தெரு மூலையில் இருந்த ஒரு சின்னச் சாப்பாட்டுக் கடையின் கதவைத் திறந்தான்.

ஒடுக்கமான கடை. சிவப்பு றெக்சின் இருக்கைகள், கிழிந்த இடங்களில் ரேப் ஒட்டியிருந்தது. நீள மேசையில் வயதான ஆண்கள் நாலைந்து பேர், ஒவ்வொருவருக்கும் நடுவில் ஒரு இருக்கை இடைவெளி விட்டு, தனித்தனியாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். ஒருவரோடு ஒருவர் பேசவில்லை. ஆனால் அவர்களுக்குக் கோப்பி ஊற்றிக்கொண்டிருந்த பெண் எல்லோரையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். வெங்காயமும் பட்டரும் வதங்குகிற மணம். என் கம்பளிக் கோட்டைக் கழற்றாமலே யன்னலோரம் இருந்தேன்.

அந்தப் பெண்ணுக்கு அறுபது வயதிருக்கும். பெயர் மொறீன் என்று கஜன் சொன்னான். அவள் கஜனைக் கண்டதும் கையில் இருந்த கோப்பிச் சாடியைக் கீழே வைத்துவிட்டு ஓடிவந்தாள். எவ்வளவு வளர்ந்துவிட்டாய் என்று தலையைத் தடவினாள். பிறகு கதவுப் பக்கம் எட்டிப் பார்த்தாள்.

"மிஸ்டர் கந்தையா எங்கே? கார் நிறுத்துகிறாரா?"

எங்களுக்குக் காரே இல்லை. கஜன் மேசையைப் பார்த்துக்கொண்டு ஆங்கிலத்தில் சொன்னான். போன வருடமே இறந்துவிட்டார் என்று. இந்த நகரத்தில் செத்த வீட்டுச் செய்தியை எத்தனை பேருக்குச் சொன்னேன்! தொலைபேசிப் புத்தகத்தில் இருந்த அத்தனை பேருக்கும் சொன்னேன். இவளுக்கு ஒருவரும் சொல்லவில்லை. மொறீன் எங்களுக்கு எதிரே இருந்துவிட்டாள். இடுப்பில் கட்டியிருந்த அப்பிறனைத் தூக்கி முகத்தைத் துடைத்தாள். யாரோ கோப்பி கேட்டுக் கூப்பிட்டதற்கு, "நீயே ஊற்று" என்று கத்தினாள்.

எனக்கு ஆங்கிலம் தட்டுத் தடுமாறித்தான் வரும். ஆனால் அவள் சொன்னது முழுவதும் விளங்கியது. இவர் பார்க்டேலுக்கு வந்த காலத்திலேயே இந்தக் கடைக்கு வரத் தொடங்கினாராம். மூன்றாவது வருடமோ நாலாவது வருடமோ வயிற்றுப் புண் முற்றி, இரத்தமாகச் சத்தி எடுத்து, வைத்தியசாலையில் கிடந்தாராம். வெளியே வந்தபோது உறைப்பு, புளி, மிளகு ஒன்றும் கூடாது என்று சொல்லிவிட்டார்களாம். அன்றிலிருந்து மொறீன்தான் அவருக்கென்று மிளகு தூவாமல் தட்டுப் போடுவாளாம். கூடவே ஒரு கிளாஸ் பால்.

கடிதத்தில் அது ஒரு வரிகூட இல்லை. அந்த வருடமும் நண்டுக் குழம்புதான் கேட்டு எழுதியிருந்தார்.

"உனக்குத் தெரியுமோ?" என்று கஜனிடம் கேட்டேன்.

"ஓம்."

"எனக்கேன் சொல்லேல்லை?"

"அப்பா சொல்லவேண்டாம் எண்டவர். அம்மா ஆறு வருசம் தனிய இருந்து வந்து ஆசையாச் சமைக்கிறா, அவவுக்குச் சொன்னால் உடைஞ்சுபோவா எண்டவர். குளிசையை வேலையிலை லொக்கரிலை வைச்சிருந்தவர்."

அவர் செத்த பிறகு வேலையிடத்தார் லொக்கரிலிருந்து எடுத்து அனுப்பிய பெட்டிக்குள் ஒரு வெள்ளை மருந்துப் போத்தலும் இருந்தது. யாருடையதோ தவறி வந்திருக்கிறது என்று எறிந்துவிட்டேன். அந்த மூடி எங்கள் தொழிற்சாலையில் போடுகிற மூடி என்பதை மட்டும் கவனித்தேன்.

மொறீன் என் கையைப் பிடித்தாள். "நீதானே அந்தச் சமையல்காரி? உன் சமையலைப் பற்றித்தான் எந்த நேரமும் பேசுவார். இங்கே இதைச் சாப்பிட்டுக்கொண்டு, என் மனைவி சமைக்கும் நண்டுக்குப் பக்கத்தில் இது ஒன்றுமேயில்லை என்று சொல்லுவார். எனக்குக் கோபம்கூட வரும்" என்று அழுகைக்குள் சிரித்தாள்.

அந்த இடத்தில் எழும்பி ஓடலாம் போல் இருந்தது.

கேட்காமலே இரண்டு தட்டுக் கொண்டுவந்து வைத்தாள். இரண்டு பேர் தின்னும் அளவு ஒவ்வொன்றிலும் இருந்தது. பாண் துண்டுகளுக்கு மேல் இறைச்சி, பக்கத்தில் மசித்த உருளைக்கிழங்கு, அதன் நடுவில் குழி பறித்து மண்ணிறத்தில் ஒரு குழம்பு.

"மாடே?" என்றேன் மெதுவாக.

"வான்கோழி, அம்மா. அப்பா ஒருநாளும் மாடு சாப்பிடேல்லை."

முள்ளுக்கரண்டியால் கிழங்கைக் கொஞ்சம் எடுத்து வாயில் வைத்தேன். சப்பென்று இருந்தது. ஆனால் சூடாக, மெத்தென்று, எங்கேயும் இடறாமல் இறங்கியது. புண் வயிற்றுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? ஊரில் காய்ச்சல்காரருக்கும் பிள்ளை பெற்றவளுக்கும் பத்தியம் காய்ச்சிக் கொடுத்த கை என்னுடையது. ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் காய்ச்சியிருக்கமாட்டேனா? அவர் மேல் அப்படி ஒரு கோபம் வந்தது. ஐந்து வருடம் என் முன்னால் இருந்து, வியர்த்து வியர்த்துச் சாப்பிட்டு, திறம் என்றாரே. பிறகு அந்தக் கோபம் என் பக்கம் திரும்பியது. "எப்படி?" என்று கேட்டேனே தவிர, அவர் வேறு பதில் சொல்ல நான் எங்கே இடம் விட்டேன்? ஒரு நாள் வெளியே போவோமா என்று கேட்டவரை எப்படி வெட்டிப் பேசினேன்?

கஜன் தலை குனிந்தபடி சாப்பிட்டுக்கொண்டிருந்தான். பாணை, இறைச்சியை, கிழங்கை, ஒன்றையும் ஒதுக்காமல், ஒரு வருடப் பசி கண்டவனைப் போல் சாப்பிட்டான். நான் கரண்டியைக் கீழே வைத்தேன்.

"தம்பி."

"ம்."

"உனக்கும் என்ரை கறி உறைப்போ?"

அவன் மெல்லுவதை நிறுத்தினான். தகப்பனுடைய முகம் அப்படியே அவனில் வந்தது. இதோ இவனும் 'இல்லை அம்மா, திறம்' என்று சொல்லப் போகிறான் என்று பயந்தேன். அப்படி மட்டும் சொல்லிவிடாதே பிள்ளை என்று மனதுக்குள் மன்றாடினேன்.

"கொஞ்சம்" என்றான். என் முகத்தைப் பார்த்துவிட்டு, "இல்லை... கனக்க" என்றான்.

"எவ்வளவு நாளா?"

"வந்த நாளிலையிருந்து."

நான் அழத் தொடங்கினேன். அவனும் அழுதான். நீள மேசையில் இருந்த கிழவர்கள் மரியாதையாக மறுபக்கம் பார்த்துக்கொண்டார்கள். மொறீன் ஒரு கட்டு கடதாசித் துவாய்களைக் கொண்டுவந்து மேசையில் வைத்துவிட்டுப் போனாள்.

6

திவசத்துக்குக் கஜன் வேட்டி கட்டிக்கொண்டு ஐயருக்கு முன்னால் இருந்தான். மந்திரம் பாதிக்கு மேல் அவன் வாயில் நுழையவில்லை. ஐயர் பொறுமையாகத் திரும்பத் திரும்பச் சொல்லிக் கொடுத்தார். சமையல் எல்லாம் மரக்கறி, ஒன்றிலும் தூள் இல்லை. பாலில் வைத்த கறிகளும் சொதியும்தான். படைத்த இலையைப் பூமணி மச்சாள் குனிந்து பார்த்தார்.

"உதென்ன யோகம், வெள்ளையா?"

"உருளைக்கிழங்கு மச்சாள். மசிச்சிருக்கிறன். அவருக்குப் பிடிச்சது."

"என்ரை தம்பிக்கோ? உனக்கு ஆர் சொன்னது? அவன் உறைப்பில்லாமல் ஒரு வாய் வைக்கமாட்டானே!"

"நானும் அப்பிடித்தான் நினைச்சுக்கொண்டிருந்தனான்" என்றேன்.

வந்த சனம் ஊறுகாய் கேட்டது. இல்லை என்றேன். முகம் சுளித்தார்கள், சுளிக்கட்டும்.

அன்று காலை அந்தக் கிழங்கை நானே அவித்துத் தோல் உரித்தேன். மொறீன் சொல்லித் தந்தபடி சூடு ஆறமுன் மசித்து, பாலும் பட்டரும் உப்பும் சேர்த்தேன். வறுப்பதில்லை, இடிப்பதில்லை, அரைப்பதில்லை. அடுப்பில் வைத்து இறக்க அரை மணித்தியாலம்கூட எடுக்கவில்லை. இந்த ஒரு கரண்டி கிழங்குக்காக அந்த மனுசன் பஸ், ரெயின், ஸ்ட்ரீட்கார் என்று மூன்று மாறி அந்தரித்துப் போயிருக்கிறார். நான் வீட்டில், அதே அடுப்புக்கு முன்னால், அவருக்கென்று மிளகாய் வறுத்துக்கொண்டு நின்றிருக்கிறேன்.